காலடியில் இல்லாத எதிரொலி

எங்கள் அலுவலகத்தில் யாரையும் சொந்தப் பெயரால் கூப்பிடும் வழக்கம் இல்லை. வந்து சேர்ந்த அன்றே ஊர்ப் பெயர் ஒட்டிக்கொள்ளும். நான் மதுராந்தகம். என் எதிர் இருக்கையில் இருந்தவர் கோவளம். எங்கள் குழுத் தலைவி திருநெல்வேலிக்காரர். நேரில் மேடம், அவர் அந்தப் பக்கம் போனதும் நெல்லை. சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அவற்றில் ஒன்றின் மூன்றாம் தளத்தில், மென்பொருள் அலுவலகங்களுக்கு இடையே நெருக்கிக்கொண்டு, பூமிக்கு அடியில் இருப்பதைப் படமாக்கித் தரும் எங்கள் சின்ன அலுவலகம் இருந்தது.

எண்ணெய் தேடுகிறவர்கள் தரையில் ஓர் அதிர்வை உண்டாக்குவார்கள். அந்த ஒலி கீழே இறங்கி, பாறை அடுக்குகளில் பட்டு மேலே திரும்பும். வரிசையாகத் தரையில் ஊன்றிய கருவிகள் அந்த எதிரொலியைப் பதிந்துகொள்ளும். பதிவுகள் எங்களிடம் வந்து சேரும். எந்த ஊர் பூமி என்று சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண், அவ்வளவுதான். அந்த வரிசையை நாங்கள் ‘லைன்’ என்போம். கிடைத்த எதிரொலிகளைத் திருத்தி, கூட்டி, கத்தியால் கேக்கை வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் ஒரு நீளமான படமாக்கிக் கொடுப்பது எங்கள் வேலை.

இதை வீட்டில் விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்பா மதுராந்தகத்தில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போவார். இருவருமே பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தை என் சேர்க்கையன்றுதான் பார்த்தார்கள். எங்கள் வகையறாவில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். செங்கல்பட்டில் இயற்பியல் படித்து, பிறகு சென்னையில் புவி இயற்பியல் முடித்தேன். இதைச் சொல்லும்போது என் முதுகு தானாக நிமிரும். அதை மறைக்க நான் முயன்றதில்லை.

"அங்க இன்னாதான் பண்ற நீ?" என்று அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார்.

"பூமிக்குள்ள இன்னா கீதுன்னு பாக்கறேம்மா."

"அப்ப நம்ம கெணறு ஏன் சித்திரையானா காஞ்சி பூடுதுன்னு பாத்து சொல்லு."

"அது எங்க ஆபீஸ்ல வராதும்மா. நாங்க பாக்கறது ரொம்ப ஆழம்."

"கெணத்துக்கே ஒதவாத படிப்பா?" என்றார் அம்மா. சோறு போட்டுக்கொண்டே சொன்னதால் அதில் பாதி சிரிப்பு இருந்தது.

அன்று சாப்பாட்டுக்கு மாமாவும் வந்திருந்தார். அம்மாவின் தம்பி. அவர் கையில் எனக்கு ஒரு வரன் இருந்தது. உத்திரமேரூர்ப் பக்கம், சொந்தமாக டிராக்டர்.

"படிச்சாச்சி, வேலையும் பாத்தாச்சி. இன்னும் இன்னா மாமா கொறச்சல்?" என்றார் அப்பாவிடம். "அதுவும் நெலச்ச வேலையா? ஆறு மாசம் பாத்துட்டு, வோணாம்னா அனுப்பிடுவானாம். அனுப்பிட்டா மறுபடியும் வூட்லதான் வந்து குந்திகினு இருக்கணும். டிராக்டருக்காரன் அதுவரைக்கும் காத்துகினு இருப்பானா?"

மாமா சொன்னது பொய்யில்லை. என் ஆறு மாதத் தேர்வுக்காலம் மார்கழியோடு முடிகிறது. அப்பா கைகழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தை பொறக்கட்டும் மச்சான். வேலை நெலச்சிதுன்னா பொண்ணு இஷ்டம். நெலக்கலன்னா உன் பேச்சு. அதுக்கு மேல நானும் பேச மாட்டேன், நீயும் பேசாத."

அப்பா ஒரு சொல் கொடுத்தால் அது ஆலையின் எடைக்கல் மாதிரி. கேளம்பாக்கத்து விடுதிக்குத் திரும்பும் பேருந்தில் திருப்போரூர் தாண்டும்வரை எனக்குள் அந்த டிராக்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

தேர்வுக்காலத்தில் இருப்பவர்களுக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு சோதனை உண்டு. பழைய லைன் ஒன்றைக் கொடுப்பார்கள். பல வருடங்களுக்கு முன் வேறெங்கோ வேறு யாரோ செய்து முடித்தது. அதை முதலிலிருந்து நாமே செய்ய வேண்டும். முடித்ததும் பழைய படத்தையும் புதிய படத்தையும் நீளத் தாளில் அச்சடித்து, நடைபாதைச் சுவரில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டுவார்கள். அலுவலகம் முழுக்கத் தேநீர்க் குவளையோடு வந்து நிற்கும். சுவர் ஓரம் ஒரு நூலில் பென்சில் தொங்கும். தவறு கண்டவர் அந்த இடத்தில் வட்டம் போட வேண்டும். யார் போட்டது என்று கேட்கக் கூடாது, போட்டவரும் சொல்லக் கூடாது. வட்டங்கள் மலிந்துபோன தாளுக்குச் சொந்தக்காரர்கள் அடுத்த மாதம் இருக்க மாட்டார்கள்.

என் லைன் தட்டையான அடுக்குகளால் ஆனது. பழைய படத்தில் அவை பாய் விரித்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அழகான படம். இதைவிட நன்றாக என்ன செய்துவிட முடியும் என்ற மலைப்பு எனக்கு வந்தது.

படத்தைப் பார்ப்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. நேராக நின்று பார்த்தால் கண் ஏமாறும். தாளின் ஓரத்தைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தாளின்மேல் பார்வையைப் படுக்கவைத்து ஓட்ட வேண்டும். நீளம் சுருங்கி, மங்கிய கோடுகள்கூட எழுந்து நிற்கும். புதிதாக வந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், அடுத்த வாரமே அவர்களும் செய்வார்கள். நான் பழைய படத்தை அப்படித் தூக்கிப் பார்த்தேன். வலது பக்கம், தட்டையான அடுக்குகளுக்கு நடுவில், ஒரு சாய்வான கீறல் தெரிந்தது. கொஞ்ச தூரம் இறங்கி, பிறகு துடைத்தெடுத்ததுபோல் காணாமல் போனது.

துடைத்துத்தான் எடுத்திருந்தார்கள். பழைய வேலையின் குறிப்பைப் பார்த்தபோது, சரிவாக வரும் எதையும் இரைச்சல் என்று கழித்துவிடும் ஒரு வடிகட்டியைப் போட்டிருந்தது தெரிந்தது. வாகனச் சத்தம், தரையோடு ஊர்ந்து வரும் அதிர்வு எல்லாம் படத்தில் சரிவாகத்தான் தெரியும். அவற்றை அள்ளி எறிவதற்கான வடிகட்டி அது. ஆனால் சரிவாக வருவதெல்லாம் இரைச்சலா என்ன? பாறையே சாய்ந்து கிடந்தால்?

வடிகட்டியை எடுத்துவிட்டு ஒரு படம் போட்டேன். சாய்ந்த கோடு நீளமாக வந்தது. கூடவே மங்கலும் அழுக்கும் வந்தன. பாய்கள் கலைந்தன.

கோவளம் எழுந்து வந்து என் திரையைப் பார்த்தார். வயதில் என்னைவிட நாலைந்து வருடம் மூத்தவர். அவர் அப்பாவுக்குப் படகு இருந்தது.

"இன்னாமா மதுராந்தகம், உன் லைன் இன்னா குடிச்சிட்டு சாய்ஞ்சிகினு கீதா?"

"அது நிஜம்னு நெனக்கிறேண்ணா."

"நெனப்பு நல்லாதான் கீது. ஆனா தட்டையா கீற லேயரை குறுக்கால வெட்டிகினு போவுது பாரு. பாறைக்குள்ள பாறை எப்டி பூரும்?"

மேடம் கேட்டதும் அதே கேள்விதான். அவர் தாளை வாங்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, என் மேசையில் வைத்தார்.

"ஒண்ண ஒண்ணு ஊடுருவிக்கிட்டு போற ரெண்டு லேயர நீ எந்த ஊர்ல புள்ள பாத்த? இது நாய்ஸு. கழிச்சுரு."

"மேடம், அது இருக்கற எடம் தப்பா இருக்கலாம். கோடு தப்பில்ல."

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். "சரி. ஒன் லைனு, ஒன் பாடு. திங்கக்கிழம சுவத்துல ஒட்டணும். பழச விட மோசமா இருந்துச்சுன்னா மேல இருக்கவங்ககிட்ட நான் வாயத் தொறக்க முடியாது. இப்பவே சொல்லிட்டேன், பொறவு எங்கிட்ட வந்து அழப்பிடாது."

அன்று புதன்கிழமை.

நான் எதை நம்பி அப்படிப் பேசினேன் என்று சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் ரப்பர் பந்தோடு நான் தனியாக விளையாடுவேன். சமதரையில் நின்று பந்தை நேர் கீழே அடித்தால் அது கைக்கே திரும்பும். ஏரிக்கரையின் சரிவில் நின்று நேர் கீழே அடித்தால் பள்ளத்தைப் பார்த்து ஓடிவிடும். பின்னாலேயே ஓட வேண்டும். சரிவிலும் பந்து கைக்கே வர வேண்டுமென்றால், கையை மேட்டுப் பக்கம் திருப்பி, சரிவுக்கு நேர்க்குத்தாக அடிக்க வேண்டும். அப்படித் திரும்பி வரும் பந்து என் காலடியில் பட்டு வருவதில்லை. மேட்டுப் பக்கம் தள்ளி, வேறோர் இடத்தில் பட்டு வருகிறது.

ஒலியும் அப்படித்தான். ஆனால் பதியும் கருவிக்கு இது தெரியாது. கேட்டதெல்லாம் தன் காலடியிலிருந்தே வந்ததாக அது நினைத்துக்கொள்ளும். அடுக்கு தட்டையாக இருந்தால் அந்த நினைப்பு சரி. சாய்ந்திருந்தால், பக்கத்திலிருந்து வந்த எதிரொலியைத் தனக்கு நேர் கீழே வரைந்துவிடும். ஆகவே சாய்ந்த பாறை படத்தில் தப்பான இடத்தில் வந்து விழும். தட்டையான அடுக்குகளின்மேல் ஏறிக்கூட நிற்கும். அதை அதன் சொந்த இடத்துக்கு நகர்த்தக் கணக்கு உண்டு. அதற்கு இடமாற்றம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நகர்த்துவதற்கு முதலில் அது மங்காமல் கையில் இருக்க வேண்டுமே. அங்கேதான் சிக்கல்.

பூமிக்கு அடியில் ஓர் இடத்தின் எதிரொலியை நாங்கள் ஒரு தடவையோடு விடுவதில்லை. பக்கத்தில் இருந்து கேட்டது, தூரத்தில் இருந்து கேட்டது என்று பல பதிவுகள் இருக்கும். தூரத்துப் பதிவு தாமதமாக வரும். ஒலி என்ன வேகத்தில் போனது என்று தெரிந்தால் அந்தத் தாமதத்தைக் கழித்து எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் நிறுத்தலாம். பிறகு கூட்டினால் நிஜமான எதிரொலி வலுக்கும், இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும். அந்த வேகத்தைத் திரையில் பார்த்துக் குறிப்பதுதான் எங்கள் அன்றாடம். சாய்ந்த அடுக்கு இங்கேயும் தகராறு செய்யும். அதை மட்டத்தில் நிறுத்த உண்மையைவிட அதிக வேகம் கேட்கும். தட்டை ஒரு வேகம் கேட்கிறது, அதே இடத்தில் அதே நேரத்தில் சாய்வு இன்னொன்று கேட்கிறது. ஒரு நேரத்துக்கு ஒரு வேகம்தான் கொடுக்க முடியும். தட்டைக்குக் கொடுத்தால் சாய்வு மங்கும். சாய்வுக்குக் கொடுத்தால் தட்டை கலையும். பழைய ஆட்கள் தட்டைக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிட்டார்கள்.

இந்தத் தகராறைத் தீர்க்கத்தான் சாய்வுத் திருத்தம். அலுவலகத்தில் டிஎம்ஓ என்போம். ஒவ்வொரு எதிரொலியையும் அது எந்தெந்த இடத்திலிருந்து வந்திருக்க முடியுமோ அங்கெல்லாம் பிரித்துப் பரப்பிவிடும். பரப்பிய பிறகு சாய்வும் தட்டையும் ஒரே வேகத்துக்கு ஒத்துக்கொள்ளும். பெரிய நிறுவனங்களில் அப்போதே இதைவிட மேலான முறைகள் வந்துவிட்டன. எங்களிடம் இருந்த இயந்திரங்களுக்கு இதுவே பெரிய சுமை. ஒரு முழு நாள் விழுங்கும்.

இயந்திர நேரத்துக்கு ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. யார், எந்த நேரம் என்று ஊர்ப் பெயரை எழுதி வைப்பார்கள். வாடிக்கையாளர் வேலை செய்பவர்களுக்கே பலகை நிரம்பிவிடும், சோதனை லைன்காரர்களுக்கு அரை மணி, ஒரு மணி என்று சந்துபொந்துகள்தான். ஆனால் பலகைக்கு எழுதாத ஒரு சட்டமும் இருந்தது. சாப்பாட்டு டப்பாவுக்கு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். காரைக்குடி கொண்டுவரும் சீடைக்கு அரை மணி நேரம் போகும். ஆம்பூர் பிரியாணி கொண்டுவரும் வாரம் பலகையே அவர் பெயரில் இருக்கும். நான் விடுதிச் சாப்பாடு. கொடுக்க ஒன்றும் இல்லாதவள்.

வியாழக்கிழமை பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். சனிக்கிழமை முழுவதும் ‘கோவளம்’ என்று எழுதியிருந்தது. அவர் பின்னால் வந்து நின்றார்.

"இன்னா, பலகைய மொறச்சா நேரம் வந்துருமா?"

"டிஎம்ஓ ஓட்டணும்ணா. ஒரு நாள் வேணும்."

"அந்த சாய்ஞ்ச கோட்டுக்கா?"

"ஆமா."

அவர் என் மேசைக்குப் போய்த் தாளை எடுத்தார். ஓரத்தைக் கண்ணருகே வைத்து ஒரு கண்ணை மூடினார். நீண்ட நேரம் பார்த்தார். தாளைத் திருப்பிப் பிடித்து மறுபக்கமிருந்தும் பார்த்தார்.

"நாய்ஸுன்னா அங்கங்க அந்துபூடும். இது வுடாம போவுது," என்றார் மெதுவாக. பிறகு வழக்கமான குரலில், "உங்க ஏரில வெரால் மீன் கெடைக்குமா?"

"கெடைக்கும்."

"உங்கம்மா கொழம்பு வெப்பாங்களா?"

"வெப்பாங்க. ஏண்ணா?"

"கடல் மீன் துன்னு துன்னு நாக்கு செத்துப்போச்சி. சனிக்கெழம உன்னுது. வெரால் கொழம்பு என்னுது."

"உங்க வேலை?"

"திங்கக்கெழம ஓட்டிக்கறேன்."

"மேடம் திட்டுவாங்க."

"திட்டு வாங்கறது எனக்கு இன்னா புச்சா? வெரால் கொழம்புதாம்மா புச்சு." அவரே பலகையில் தன் ஊரை அழித்துவிட்டு என் ஊரை எழுதினார். ‘மதுராந்தகம்’ அவர் இடத்துக்குள் அடங்கவில்லை. கடைசி எழுத்துகள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வழிந்தன. "சரி, ஞாயித்துக்கெழமயும் வெச்சிக்க," என்றார்.

அவர் வேலை நிஜமாகவே அவசர வேலை. அது அன்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை மேடம் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதைக் கண்ணாடி வழியே பார்த்த பிறகுதான் தெரிந்தது. வெளியே வந்தவர் காதைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சனிக்கிழமை அந்தி சாயும்போது திருத்தம் ஓடி முடிந்தது. கூட்டிப் படம் போட்டேன். சாய்ந்த கோடு முன்பு இருந்ததைவிட மங்கலாக வந்தது. தட்டையும் கலைந்திருந்தது. கண்ணில் நீர் முட்டியது. ஒரு நாள் முழுவதும் வீண், அதுவும் இன்னொருவர் கொடுத்த நாள். மாமாவின் டிராக்டர் மறுபடி கேட்டது.

விடுதிக்குப் போகும் பேருந்துக்காக நிற்கையில்தான் உறைத்தது. கூட்டுவதற்கு நான் கொடுத்த வேகம் எது? திருத்தத்துக்கு முன்னால் குறித்தது. சாய்ந்த கோட்டை எப்படியாவது மட்டத்தில் நிறுத்த வேண்டும் என்று அந்தப் பகுதி முழுக்க அதிக வேகமாகப் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்திருந்தேன். திருத்தத்துக்குப் பிறகு சாய்வுக்கு அந்தப் பொய் வேகம் தேவையில்லை. சொல்லப்போனால் அதுதான் இப்போது கெடுக்கிறது. எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு முறையாவது இதில் விழுவார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். குணமான பிறகும் பழைய மருந்தைக் குடித்துக்கொண்டிருப்பது போல. வந்த பேருந்தை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற அம்மாள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். அந்தப் பெரிய தளத்தில் காவலாளியைத் தவிர யாருமில்லை. முதலிலிருந்து வேகங்களைக் குறித்தேன். முன்பு ஒரே நேரத்தில் இரண்டு வேகம் கேட்டுச் சண்டையிட்ட இடங்களில் இப்போது ஒன்றுதான் தெரிந்தது. இரண்டு எதிரொலிகளும் அதில் ஒரே மட்டத்தில் படுத்தன. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் புரிந்துகொள்ள அங்கே யாரும் இல்லை. காவலாளியிடம் போய், "சாப்ட்டீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

கூட்டிய படத்தில் சாய்ந்த கோடு துலக்கமாக, தட்டையான அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. இன்னும் தப்பான இடத்தில்தான் இருந்தது, ஆனால் முழுசாக இருந்தது. இடமாற்றக் கணக்கை ஓட்டினேன். அதற்கு அதிக நேரம் ஆகாது. படம் இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரையில் நிரம்பியது.

கோடு மேட்டுப் பக்கமாக நகர்ந்திருந்தது. முன்பைவிடச் செங்குத்தாக, சற்றுக் குட்டையாக. அது வெட்டிக்கொண்டு போன அடுக்குகளை இப்போது வெட்டவில்லை. தட்டையான அடுக்குகள் ஒவ்வொன்றும் வரிசையாக வந்து அந்தச் சரிவின்மேல் முட்டி நின்றன. படிக்கட்டின் ஓரம் சுவரில் முடிவதுபோல. பாறைக்குள் பாறை புகவில்லை. அவற்றின் முனைகள் அங்கே முடிகின்றன என்பது பழைய படத்தில்கூட இருந்தது. எதன்மேல் முடிகின்றன என்பதைத்தான் துடைத்துவிட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை மேலே பழைய படம், கீழே என் படம். நான் என் இருக்கையை விட்டு எழவில்லை. தேநீர்க் குவளைகளின் சத்தமும் பேச்சும் நடைபாதையில் கேட்டுக்கொண்டிருந்தன. யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்தா, வேறெதற்கா, தெரியவில்லை. கூட்டம் கலைந்த பிறகு போனேன். வட்டங்கள் இருந்தன. இடது ஓரத்தில் ஒன்று, மேல் பகுதியில் இரண்டு. எல்லாம் நியாயமான வட்டங்கள், அந்த இடங்களில் நான் அவசரப்பட்டிருந்தேன். சாய்ந்த கோட்டின்மேல் ஒன்றுகூட இல்லை.

மேடம் கடைசியாக வந்தார். கன்னத்தைச் சுவரோடு ஒட்டவைத்து, ஒரு கண்ணை மூடினார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்தால் அடுத்த வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்பவர் போல இருக்கும். நூலில் தொங்கிய பென்சிலை எடுத்தார். அவர் வட்டம் போடவில்லை. சாய்ந்த கோட்டின் மேல் முனையில் பென்சிலை வைத்து, அடிவரை ஒரே இழுப்பாக, மெல்லிய கோடாக இழுத்தார். கருவி கேட்காமல் விட்ட ஆழத்துக்கும் கொஞ்சம் நீட்டினார்.

"இன்னும் கீழ போவும் போலிருக்கே புள்ள," என்றார். "அடுத்த லைன்லயும் இது வருதான்னு பாரு."

அடுத்த லைன். அந்தச் சொல் என் காதில் விழுந்து மனசுக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடுத்த லைன் இருக்கிறவர்களுக்குத்தானே அடுத்த மாதமும் இருக்கும்?

பத்து நாள் கழித்து வேலை உறுதியானது. எதிர்வீட்டுத் தொலைபேசியில் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "அந்த மீனு கேட்ட புள்ளைக்கு இன்னும் கொழம்பு தரலியேடி?"

பொங்கலுக்கு முந்தைய வாரம் ஒரு மத்தியானம், கீழே வாயிலிலிருந்து போன் வந்தது. அப்பா. மதுராந்தகத்திலிருந்து செங்கல்பட்டு, அங்கிருந்து திருப்போரூர், அங்கிருந்து சிறுசேரி என்று பேருந்து மாறி மாறி, மடியில் எவர்சில்வர் தூக்கை வைத்துக்கொண்டு வந்திருந்தார். உள்ளே விடவில்லை. வெளியே சாலையோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, புது வேட்டி. நானும் கோவளமும் இறங்கிப் போனோம்.

"நைனா, கொழம்பு கேட்டவன் நான்தான்."

"நீதானா? கடல வூட்டாண்ட வெச்சிகினு எங்க ஏரி மீனு கேக்குது பாரு!" என்றார் அப்பா. இருவரும் பழகியவர்கள்போல் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் ஒரு தட்டில் இட்லி கொடுத்தார். கோவளம் பெஞ்சிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் காரத்தோடு சாப்பிட்டார். மேடத்துக்கென்று கொஞ்சம் தனியாக எடுத்து வைத்தோம்.

அப்பா கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். "ஏம்பா, என் பொண்ணு அங்க இன்னாதான் பண்ணுது? அது சொன்னா எனக்கு வெளங்கல. நீ சொல்லு."

கோவளம் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு யோசித்தார். "மெஷினு ஒண்ணு கீது நைனா. எந்த சத்தம் கேட்டாலும் அது தன் காலுக்கு அடியிலேர்ந்து வருதுன்னு சொல்லும். உங்க பொண்ணு அதுக்கு, ‘இல்ல, அது பக்கத்துலேர்ந்து வருது’ன்னு எடுத்து சொல்லுது."

"அத்த சொல்றதுக்கா இம்மாம் பெரிய வூடு கட்டி வெச்சிகீறாங்க?"

"எல்லாரும் ஒத்துக்க மாட்டன்றாங்களே நைனா. ஒத்துக்க வெக்கறதுதான் வேலை."

அப்பா அதை மனசுக்குள் அசைபோட்டார். பிறகு என்னிடம் திரும்பினார். "நெலச்சிதுன்னு உங்கம்மா சொன்னா. உன் வாயால சொல்லு."

"நெலச்சிடுச்சிப்பா."

அவர் மடியிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்தார். ஆலையில் யாரோ எழுதிக்கொடுத்த எண். டீக்கடையின் ஒற்றை ரூபாய் போனில் என்னைப் போடச் சொன்னார். மறுமுனையில் மாமா எடுத்தார்.

"மச்சான்? நான்தான். சிறுசேரிலேர்ந்து பேசறேன். பொண்ணுக்கு நெலச்சிடுச்சி." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டார். "ஆமா. சொல்லு சொல்லுதான். அந்த டிராக்டரு வேற வூட்டுக்குப் போவட்டும். ஆனா பொங்கலுக்கு நீ வந்துரு. வெரால் கீது."

காசு தீர்ந்து போன் தானாகத் துண்டித்துக்கொண்டது. கோவளம் தூக்கைக் கழுவி அப்பா கையில் கொடுத்தார். திருப்போரூர்ப் பேருந்து வந்தது. ஏறும்முன் அப்பா நின்று, செருப்புக் காலால் சாலையை ஒரு தட்டு தட்டினார். தலையைச் சாய்த்து, காலடியை விட்டுவிட்டு, பக்கத்து வேப்பமரத்துப் பக்கமாகக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"ஒண்ணும் கேக்கலியே," என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஏறினார்.